கற்பூரம் ஏற்றியது கம்பத்துக்கு அல்ல

எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டு இடத்தில் இரும்புக் கம்பம் நட்டவர்களுக்கு, குழி தோண்டும்போதே கற்பூரம் காட்டி, கடப்பாரைக்குக் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு சொம்பு மோரும் கொடுத்தவள் என் அம்மா. இதைச் சொன்னால் யாராக இருந்தாலும் முதலில் சிரித்துவிடுவார்கள். இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் வரவில்லை.

என் அப்பா, எங்கள் நைனா, செஞ்சி கமிட்டியில் மூட்டை தூக்கியவர். நெல் விற்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை ஊரில் கமிட்டி என்றுதான் சொல்வோம். வேலையை விட்ட பிறகும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்த கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போய் உட்காராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எந்த லாரி எங்கிருந்து வந்தது, யாருடைய நெல்லில் ஈரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சர்க்கரை வந்து, பாதத்தில் பட்ட சின்னக் காயம் புண்ணாகி, பெரியாஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். நல்ல நாற்காலிதான். அதில் கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் போகலாம். தெருவுக்குப் போக முடியாது.

எங்கள் தெரு பாறைமேல் இருக்கிறது. செஞ்சி மலை எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிட்டதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கடப்பாரை பிடித்தவர்களுக்குத் தெரியும், அது எங்கள் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது. அதனால் வீட்டின் தரை உயரம். முன்வாசலில் ஐந்து படி, படி முடிந்ததும் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு. அங்கே சாய்தளம் போட இடமே கிடையாது. இருந்த ஒரே வழி, பக்கவாட்டில் எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் இருந்த மூன்றேகால் அடிச் சந்து. அம்மா பெயரில் இருக்கிற பட்டாவில் அடங்கிய இடம் அது. சமையலறைப் பக்கக் கதவிலிருந்து அதன் வழியாக மெல்ல இறங்கினால் தெரு.

மேஸ்திரி வந்து பார்த்தார். மேடும் ஆழமான பள்ளமுமாக இருந்த பாறைமேல் ஒரு வண்டி கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு அடித்து நிரவினார். கதவு நிலையிலிருந்து தெரு வரைக்கும் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடு இழுத்தார். "திங்கக்கிழம ஆளு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தத் திங்கட்கிழமை என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் தையல்காரி. கடைத்தெருவில் ஒரு மெஷினும் ஒரு மேசையும் கொள்கிற அளவுக்கு ஒரு கடை வைத்திருக்கிறேன். மூன்றாவது திங்கட்கிழமை நான் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, மினி லாரியில் நான்கு பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் ரோட்டோரத்தில் டங் டங்கென்று குத்திப் பார்த்துவிட்டு, நேரே சந்துக்குள் வந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மேஸ்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்!

யார் நீங்கள், யார் அனுப்பினார்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் தளவானூர் பக்கமெல்லாம் டிராக்டரில் ஏறிப் போனவள். போன இடத்தில் வரப்பிலேயே நிற்க வைத்து, யார் நீ, எந்தத் தெரு என்று கேட்டவர்கள் உண்டு. அது அவளுக்கு ஆறவே இல்லை. வேலை செய்ய வந்தவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். வீட்டை ஒட்டி மண் தோண்டினால் கற்பூரம் காட்டாமல் இருக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அன்றைக்கு இரண்டு சட்டமும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் காலை வாரிவிட்டன.

நைனாதான் கதவருகில் நாற்காலியில் இருந்தபடி சந்தேகப்பட்டிருக்கிறார்.

"ஏம்மே, ஒரு சரிவு போடறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ஆழம்?"

"ஒரு ஆளு கனம் தாங்க வேணாமா? சும்மா இரு."

லாரியிலிருந்து கம்பத்தை இறக்கினார்கள். அப்போதும் அம்மா அசரவில்லை. கைப்பிடிக் கம்பி என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் வந்தபோது சிமெண்ட் ஈரம் காயாமல் கம்பம் நிற்கிறது. "கைப்பிடிக்கு வச்சிருக்காங்க, எவ்ளோ ஸ்ட்ராங்கு பாரு" என்று தட்டிக் காட்டினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டு மாடியை விட உயரம். எந்த ஊரில் இருபது அடிக்குக் கைப்பிடி வைக்கிறார்கள்? மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "நான் ஆளே அனுப்பலியேம்மா" என்றார்.

மறுநாள் வயர் இழுக்க ஆள் வந்தார்கள். இன்டர்நெட் கேபிள் கம்பெனி. எங்கள் சுவரில் நான்கு போல்ட் அடித்து ஒரு பெட்டியையும் மாட்டினார்கள். நான் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. ஏணியில் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "இன்னாக்கா கத்துறீங்க? அந்தம்மாதான நேத்து கற்பூரம் ஏத்துனாங்க?" அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி ஆபீஸ் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது. அங்கே இருந்த சூப்பர்வைசர் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். வேலை நடந்ததற்கு அத்தாட்சியாக வேலைக்காரர்கள் அனுப்பியது. அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள், தட்டில் கற்பூரம் எரிகிறது. "பூஜையே போட்டிருக்காங்களேம்மா, இத வுட சம்மதம் இன்னா வேணும்?" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டோரத்தில் பாறை, கடப்பாரை இறங்கவில்லை, உங்கள் சந்தில் மண் பதமாக இருந்தது என்று அவரே சொன்னார். அவர்களுக்குப் பதமாக இருக்கவா நாங்கள் கிராவல் அடித்தோம்? கடைசியில், ஒரு வருஷத்துக்கு இன்டர்நெட் இலவசமாகத் தருகிறோம் என்றார். வந்து நைனாவிடம் சொன்னேன். "அதுல ஏறி டீக்கடைக்குப் போவலாமா?" என்று கேட்டார்.

நான் கோபக்காரி. என்னிடம் பெரிய கத்தரி ஒன்று இருக்கிறது, எட்டு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டும். வயரை வெட்டிவிடுகிறேன் என்று ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எதிர்வீட்டு அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மகள் அந்த வயரில்தான் பரீட்சைக்குப் படிக்கிறாளாம். "ஒரு கம்பம்தானே, விட்டுக்கொடும்மா" என்றார். தெரு முழுக்க அப்படித்தான் சொன்னது. யாரையும் தப்பாகச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அது ஒரு கம்பம்தான்.

நைனாவுக்கு என்ன ஆனது என்பதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியில் இறக்கிக் கூட்டிப்போனார்கள். போகும்போது சரியாகப் போய்விட்டார்கள். திரும்பி ஏற்றும்போது ஒருவருக்குக் கால் இடறி, மூன்று பேரும் சாக்கடைக்குள் விழப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வந்து கூப்பிட்டாலும் நைனா போகவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "மூட்ட தூக்குனவன மூட்ட மாதிரி தூக்கினு போறானுங்க. வேணாம்." அப்புறம் கமிட்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். அம்மா வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினாள், கற்பூரம் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

சட்டம் என் கடைக்கு ஒரு கறுப்புக் கோட்டாக வந்தது. கை நீளமாக இருக்கிறது, ஒரு இஞ்ச் குறைக்க வேண்டும் என்று இளவயது வக்கீலம்மா ஒருத்தி கொண்டுவந்தாள். அளவெடுக்கும்போது நான் எதற்கோ யார்மேலோ எரிந்து விழுந்தேன். "இன்னாக்கா, யார் மேல கோவம்?" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன், அரை மணி நேரம் ஆகிவிட்டது. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு என்று ஒன்று இருக்கிறது, பெண்களுக்கு வக்கீல் செலவே கிடையாது, மனு கொடுத்தால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று அவள்தான் சொன்னாள். "நீங்க கத்திரிக்கோல எறக்கி வைங்க. வயர வெட்டுனா கேசு உங்க மேல வரும்." அந்தக் கோட்டுக்குக் கூலி வேண்டாம் என்றேன், அவள் விடாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மனு அம்மா பெயரில். பட்டா அவள் பெயரில் இருப்பதால் கேட்க வேண்டியவள் அவள்தான். "நான்தான் எல்லாத்தையும் கெடுத்தேன், நானே போய் எப்டி கேக்கறது?" என்று அழுதாள். வக்கீலம்மா வீட்டுக்கே வந்து சந்தைப் பார்த்தாள். நைனாவின் நாற்காலியை அளந்தாள். கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அடி, அந்தப் பக்கம் ஒன்றரை அடி. நாற்காலி இரண்டடிக்கு மேல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதிப் போட்டதில், கம்பெனிக்குக் கிடைத்த அனுமதியின் நகல் வந்தது. கம்பம் ரோட்டோரத்தில் நட வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. அந்த வரியை வக்கீலம்மா படித்துக் காட்டியபோது நைனா டிவியை அணைத்துவிட்டு, "திருப்பிப் படிம்மா" என்றார்.

முதல் தடவை கூப்பிட்டபோது கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை தேதி தள்ளிப்போனது. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வராதவர்களை மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை சூப்பர்வைசரும் கம்பெனி வக்கீலும் வந்தார்கள். வக்கீல் கையில் அந்தப் போட்டோ. பெரியதாக அச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

நீதிபதி ஒரு பெண். படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டார்.

"இதுல இருக்கறது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"கற்பூரம் ஏத்தச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. நானாத்தான் ஏத்துனேன்."

கம்பெனி வக்கீல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். மேசைமேல் கிடந்த படம் எனக்கு நேராக இருந்தது. போனில் சின்னதாகப் பார்த்தபோது அம்மாவின் சிரிப்பைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இப்போது என் கண் அவள் காலடிக்குப் போனது. எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் அதில் சாக்பீஸ் கோடு எங்கே போட்டிருக்கிறது என்று தேடுகிற கண் இது. இருபது வருஷப் பழக்கம். குழிக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டும் வளையாமல் கதவு நிலை வரைக்கும் போகின்றன.

"மேடம், அந்தக் கோட்டப் பாருங்க" என்று எழுந்துவிட்டேன். வக்கீலம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவள் எழுந்து அதையே மரியாதையாகச் சொன்னாள்.

நீதிபதி படத்தைக் கையில் எடுத்தார். "இது என்ன கோடு?"

"கோலம் மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

தலையைத் தொங்கப் போட்டிருந்த என் அம்மா நிமிர்ந்தாள். "இன்னாது, கோலமா? ரெண்டு கோடு இழுத்து வுட்டா கோலமா? என் வாசல்ல வந்து பாருய்யா, கோலம் எப்டி இருக்கும்னு!" அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நீதிபதிகூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதுவரை என்னிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

"அது எங்க வூட்டுக்காரரு வெளிய போறதுக்கு மேஸ்திரி போட்ட கோடும்மா. மேஸ்திரி ஆளுங்கதான் வந்துட்டாங்கன்னு நெனச்சேன். இந்த மனுசன் இனிமே தெருவுக்குப் போவாருன்னு சந்தோசத்துல ஏத்துனேன். அவரு போற வழிக்கு ஏத்துன கற்பூரம்மா அது. இவங்க கம்பத்துக்கு ஏத்தல."

நீதிபதி மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் கோடு போய் முடிகிற இடத்தில், கதவுக்குள்ளே, சக்கரத்தில் பாதி தெரிந்தது. அதை விரலால் தொட்டுவிட்டு, படத்தைக் கம்பெனி வக்கீல் பக்கம் தள்ளினார். அங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு, ஒத்துக்கொள்ளாவிட்டால் இது வழக்காகப் போகும், இந்தப் போட்டோவும் கூடவே போகும் என்று சொன்னார். ரோட்டோரம் பாறை என்று சூப்பர்வைசர் முனகினார். "பாறைன்னா மெஷின் வெச்சு ஒடைங்க. அவங்க வீட்டு வழிய ஏன் ஒடைக்கிறீங்க?" என்றார் நீதிபதி. வக்கீல் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். அந்தப் பத்து நிமிஷம் அம்மா என் கையை விடவே இல்லை.

ஒத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். கம்பத்தைப் பிடுங்கித் தெருமுனையில் ரோட்டோரத்தில் நட வேண்டும். சுவரில் மாட்டிய பெட்டியை எடுத்து ஓட்டையைப் பூச வேண்டும். எல்லாவற்றுக்கும் முப்பது நாள். சாய்தளத்தையும் நாங்களே போட்டுத் தந்துவிடுகிறோம் என்று கம்பெனி வக்கீல் பெரிய மனசு காட்டினார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "இவங்க தோண்டுன குழிய மூடுனா போதும். எங்களுக்கு மேஸ்திரி இருக்காரு." எனக்கு அந்த மேஸ்திரியை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் பேனாவை வாங்கி, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி எழுதினாள். தீர்ப்புக்கு நிகரான காகிதம் இது, இதன்மேல் மேல்முறையீடு இல்லை என்று வக்கீலம்மா வெளியே வந்து சொன்னாள். அம்மா அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தே வந்தாள்.

இருபத்தேழாவது நாள் பாறை உடைக்கிற மெஷின் வந்தது. இரண்டு நாள் தெருவே அதிர்ந்தது. இன்டர்நெட் இல்லாமல் போனதற்கு எதிர்வீட்டு அக்கா என்னை ஒரு மூச்சு திட்டினார், மூன்றாவது நாள் வயர் வந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரி ஒருவழியாக வியாழக்கிழமை வந்தார். கூட வந்த ஆட்களை அம்மா தெருவிலேயே நிறுத்தி, "யாருப்பா நீங்க, எந்த ஊரு, யாரு அனுப்பனாங்க?" என்று விசாரித்தாள். "நான் பக்கத்துலயே நிக்கறனே, என்னத் தெரியலியா?" என்றார் மேஸ்திரி. "உன்ன தெரிஞ்சிதான் இவ்ளோ நாளு ஆச்சு" என்றாள். பழைய சட்டத்தை மீறியதில் அவளுக்கு வெட்கம்தான், உடனே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். சிமெண்ட் போட்டுத் தண்ணீர் கட்டி, மேஸ்திரி சொன்ன நாளெல்லாம் காத்திருந்தோம்.

முதல் நாள் காலையில் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நான் பின்னால் போய் நாற்காலியைப் பிடித்தேன். "கைய எடு" என்றார். சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு இறங்கினார். மூட்டை தூக்கிய தோள் அப்போதும் அவரிடம் இருந்தது. தெருவைத் தொட்டதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கமிட்டிப் பக்கம் போய்விட்டார். அம்மா கதவருகில் நின்று அழுதாள், நானும் அழுதேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, அவர் வரவில்லை. அம்மா சோறு வடித்து, குழம்பு இறக்கி, தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். ஒரு மணிக்கு, "போய் கையோட இட்டுனு வா" என்று என்னை அனுப்பினாள். போனேன். டீக்கடையில் இல்லை. கேட்டுக்குள்ளே, அட்டி போடுகிற இடத்தில், மூட்டையைக் கோணலாக அடுக்கியிருக்கிறார்கள் என்று நான்கு பேரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குரல் ரோடு வரைக்கும் கேட்டது. என்னைப் பார்த்ததும், "நீ போ, நான் வரேன்" என்றார். கோபமாகச் சொன்னார்.

திரும்பி வந்து, அப்புறம் வருகிறாராம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்புறமா? சோறு ஆறுது, அப்புறமாம்! கால் ஒண்ணு கெடச்சிட்டா போதும், வூடு வாசலு நெனப்பே கெடையாது அந்த ஆளுக்கு. வரட்டும் இன்னிக்கி, கதவத் தொறக்கறனா பாரு" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கிவந்த நாளிலிருந்து அம்மா ஒரு தடவைகூட நைனாவை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.